வாய் மூடி அழுத மருமகள்

பச்சமுத்துவின் உடம்பை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, பந்தல்காரர் வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கி முடிப்பதற்குள், அவர் எப்படிச் செத்தார் என்ற பேச்சு தெருவில் ஓய்ந்துவிட்டது. வயதானவர், விடிகாலையில் டீ கேட்டார், டீ வருவதற்குள் போய்விட்டார். இதில் பேச என்ன இருக்கிறது? ஊர் பேசியது வேறொன்றை. பெரியவரின் ஒரே மருமகள் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அதை.

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற அந்த ஊருக்கு மாஸ்க் ஒன்றும் புதிதல்ல. கொரோனா வருஷங்களில் எல்லாரிடமும் இருந்தது. மூக்கைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. தாடையில், கழுத்தில், சட்டைப் பையில், பைக் கண்ணாடியில். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில் போலீஸ் தெரிந்தால் மேலே ஏறும், தாண்டினால் கீழே இறங்கும். அபராதத்துக்குப் பயந்து போட்டார்களே தவிர நோய்க்குப் பயந்து போட்டவர்கள் கொஞ்சம். அந்த நோயில் ஊரில் நாலைந்து பேர் போனார்கள். அவர்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பெற்ற பிள்ளையைக்கூடக் கிட்ட விடாமல் கொண்டுபோய்ப் புதைத்ததை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. கட்டிப்பிடித்து அழ ஆளில்லாத சாவு அவர்களுக்கு அநாதைச் சாவு. அந்தக் காலத்தோடு சேர்த்து மாஸ்க்கையும் தலைமுழுகிவிட்டார்கள். இப்போது யாராவது முகத்தை மூடிக்கொண்டு தெருவில் வந்தால், 'இன்னா, மறுபடியும் கொரோனா வந்துடுச்சா?' என்று சிரிப்பார்கள். சிரித்த பிறகு, யாருக்கு என்ன நோய் என்று மெதுவாக விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குத்தான் கலைச்செல்வன் பயந்தான்.

கலைச்செல்வன் பச்சமுத்துவின் மகன். மானாம்பதி ரோட்டில் சின்னதாக ஒரு நாஷ்டா கடை வைத்திருக்கிறான். காலையில் இட்லி, பொங்கல், வடை. ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளும், நடவுக்குப் போகிற பெண்களும் அங்கேதான் சாப்பிடுவார்கள். மாவு அரைப்பதும் சட்னி தாளிப்பதும் வீட்டில் அவன் மனைவி அம்சவேணி. கைப்பக்குவம் அவளுடையது, கல்லாப் பெட்டி அவனுடையது. கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அம்சாதான் என்பது அவனுக்கும் தெரியும், சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியும்.

அந்த அம்சாவுக்குத்தான் மாசக்கணக்கில் இருமல் நிற்காமல், சாயங்காலமானால் காய்ச்சல் அடித்து, ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகி, கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பார்த்து டிபி என்று சொல்லிவிட்டார்கள். மாமனார் சாவதற்கு ஒரு வாரம்கூட இல்லை, அப்போதுதான் மாத்திரை ஆரம்பித்திருந்தாள். வீட்டிலிருந்த பச்சமுத்துவுக்கும் கலைச்செல்வனுக்கும் சோதித்ததில் ஒன்றுமில்லை. மகன் விஜய் ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். பொங்கலுக்குப் பிறகு வீட்டுக்கே வராதவன். அவனிடம்கூட அவர்கள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டிபிப் பிரிவில் வேலை பார்க்கிற அருள்தாஸ் நல்ல மனுஷன். மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, கலைச்செல்வனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"அண்ணே, இது தட்டுல வராது, டம்ளர்ல வராது. அக்கா செய்ற சட்னியில வராது. காத்துல வருது. இருமறப்ப, பேசறப்ப, சத்தம் போட்டு அழுவறப்ப வாயிலேர்ந்து வர்ற காத்துல. மூடுன ரூம்புல அது அப்படியே மெதந்துக்கினு கீது. அதனால ஜன்னலத் தொறந்து வுடுங்க. அக்கா மாஸ்க் போட்டுக்கினு இருக்கட்டும். மாத்திரைய ஒயுங்கா போட்டா கொஞ்ச நாள்ல அடுத்தவங்களுக்குப் பரவறது நின்னுடும். அதுவரைக்கும் கைக்கொயந்தைங்கள மட்டும் கிட்ட சேக்காதீங்க. பெரியவங்க தாங்குவாங்க, கொயந்தைங்க தாங்காது."

கலைச்செல்வன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து என்ன செய்தான் என்றால், அம்சாவுக்கு ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியாக எடுத்து வைத்தான், அவள் பாயைத் தனியாகச் சுருட்டி வைத்தான், அப்புறம் ஜன்னலை இழுத்துச் சாத்தினான். இருமல் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது இல்லையா. வராத வழியையெல்லாம் அடைத்துவிட்டு, வருகிற வழியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அருள்தாஸை வீட்டுப்பக்கம் வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவன் பைக்கை ஏரி மதகுக்கிட்ட நிறுத்தி போன் செய்வான், இவன் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவான். கடையில் கேட்டவர்களுக்கு அம்சாவுக்கு இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிவிட்டு, மாவை உத்திரமேரூரில் பாக்கெட்டாக வாங்கினான். டிபிக்காரி வீட்டு இட்லி என்று ஒருத்தர் சொன்னால் போதும், மறுநாள் அடுப்பு பற்றவைக்க வேண்டிய வேலை இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் பெரியவர் போய்விட்டார்.

விஷயம் தெரிந்து தெரு வந்து சேர்வதற்கு முன்னால், அடுப்படியில் அம்சா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இளமதி வருவா. கொயந்தையத் தூக்கிக்கினு வருவா. நான் இன்னாய்யா பண்ணட்டும்?"

"மாஸ்க்கக் கயட்டாத. சாம்பிராணிப் புகை ஒத்துக்கலன்னு சொல்லு."

"சாவு வூட்ல மருமவ புகை ஒத்துக்கலன்னு சொன்னா ஊரு சும்மா வுடுமா? அவ வந்து கையப் புடிச்சா நான் ஒதறிட்டுப் போவணுமா? ஏற்கெனவே அவளுக்கு எம்மேல கோவம்."

"நான் பாத்துக்கறேன், நீ வுடு."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆம்பளை சொன்னால், அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அம்சாவுக்கும் அது தெரியும். ஆனால் மேலே கேட்க நேரமில்லை, முதல் ஒப்பாரி தெருமுனையில் கேட்டுவிட்டது.

இளமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலைச்செல்வனின் ஒரே தங்கை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அம்சாதான் அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்து, வயதுக்கு வந்தபோது தண்ணீர் ஊற்றி, மானாம்பதியில் கட்டிக்கொடுத்து அனுப்பினாள். அண்ணி என்று கூப்பிட்டாலும் அம்மா என்றுதான் நினைப்பு. அதனால்தான் அந்தச் சின்ன விஷயம் அவ்வளவு பெரிதாகிவிட்டது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இளமதி உண்டாகி, வளைகாப்பு வைத்தார்கள். அன்றைக்குக் கடையில் ஒரு கல்யாண ஆர்டர். அம்சா முடித்துவிட்டு ஓடி வருவதற்குள் நல்ல நேரம் போகிறது என்று வேறு யாரோ முதல் வளையலைப் போட்டுவிட்டார்கள். 'எனக்கு அம்மா இருந்திருந்தா இட்லி ஊத்திக்கினு இருந்திருப்பாளா?' என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாள் இளமதி. அம்சாவும் கோபத்தில் ஏதோ சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. பெண்குழந்தை பிறந்து, அது தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கவும் தொடங்கிவிட்டது. அம்சா இன்னும் அதைத் தொட்டுத் தூக்கவில்லை. கலைச்செல்வனின் போனில் வந்த படத்தை மட்டும் விரலால் பெரிது பண்ணிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கட்டியழுவது என்பது அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் சும்மா அழுவதல்ல. வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் தெருமுனையிலேயே தலையை அவிழ்த்து, அழுதுகொண்டே வருவார்கள். வீட்டுப் பெண்கள் எழுந்துபோய் அவர்களைத் தோளோடு பிடித்துக்கொள்வார்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கழுத்தில் ஒருத்தி கைபோட்டு, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு, ஒருத்தி சொல்லி அழ மற்றவர்கள் சேர்ந்து அழுவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தங்கள் திரும்பச் சேருவதும் அந்த வட்டத்துக்குள்தான். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கட்டிப்பிடித்து அழுதால் பகை தீர்ந்தது. கட்டிப்பிடிக்காவிட்டால், செத்தவர் முகத்தைப் பார்த்தும் தீராத பகை அது, இனி எந்தக் காலத்திலும் தீராது. பெரிய மனுஷர்கள் பத்து தடவை நடந்து பேசித் தீர்க்க முடியாததைப் பெண்கள் கால்மணி நேர அழுகையில் தீர்த்துவிடுவார்கள்.

ஆம்பளைகளுக்கு அந்த வசதி கிடையாது. மூத்த மகன் பந்தல் வாசலில் நிற்க வேண்டும். வருகிற ஆம்பளைகள் இரண்டு கையையும் நீட்டுவார்கள், அவன் தொட்டுக்கொடுக்க வேண்டும். யார் வந்தாலும் அவன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. விஜய் வந்ததும் அவனை இடுகாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, கலைச்செல்வன் காலையிலிருந்து அங்கேதான் நின்றான். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அம்சாவின் மேல்.

அம்சா முடிந்தவரை சமாளித்தாள். வட்டத்தில் சேராமல் ஐஸ் பெட்டியின் கால்மாட்டில், காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்தாள். வந்தவர்கள் குனிந்து தொட்டபோது தலையைத் திருப்பிக்கொண்டாள். முதலில் நக்கலாகத்தான் இருந்தது. 'இன்னா அம்சா, ஆப்பரேசன் பண்ணப் போறியா?' என்று ஒருத்தி காதோடு கேட்டாள். அப்புறம் நக்கல் குறைந்து முணுமுணுப்பு ஆனது. பச்சமுத்துவின் தங்கை கோவிந்தம்மாளுக்கு அந்த மாஸ்க்கைப் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே வந்தது. அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். சாவு வீட்டில் எதை யார் செய்ய வேண்டும் என்று சொல்வதற்கென்றே பிறந்தவள் மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மானாம்பதி வேன் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் இறங்கியவள் இளமதி. இடுப்பில் குழந்தை. யாரோ ஒரு பெண் குழந்தையை வாங்கப் பார்த்தாள். மேளச் சத்தத்தில் மிரண்டுபோயிருந்த அது, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று வீறிட்டது. இளமதி அப்படியே, அவிழ்ந்த தலையும் இடுப்பில் குழந்தையுமாக, "நைனா, என்னப் பெத்த நைனா" என்று அலறிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். அண்ணன் கையைத் தாண்டிப் போனாள். பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து அழுதாள். நிமிர்ந்தாள். எதிரே அம்சா எழுந்து நின்றிருந்தாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணத்துக்காகத்தான் பாதிப் பெண்கள் காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். இளமதி ஒரு கையை நீட்டினாள். "அண்ணீ" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் வளைகாப்புக் கோபமெல்லாம் கரைந்து போயிருந்தது. அம்சாவின் உடம்பு முன்னால் சாய்ந்தது. பிறகு, குழந்தையைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள்.

இளமதியின் நீட்டிய கை நீட்டினபடியே நின்றது.

"இன்னாடி, பின்னால போற?" கோவிந்தம்மாள் எழுந்து வந்துவிட்டாள். "பெத்தவன எயந்துட்டு வந்து நிக்கிறா, கட்டிக்கினு அழுவ வலிக்குதா ஒனக்கு? காத்தாலேர்ந்து பாத்துக்கினு கீறேன், மூக்க மூடிக்கினு குந்திக்கினு கீற. எங்கண்ணன் பொணம் அதுக்குள்ள நாறுதாடி?"

கேட்டதோடு நிற்காமல் அந்த அம்மாள் கையை நீட்டி மாஸ்க்கைப் பிடித்தாள். அம்சா தன் கையால் அதை முகத்தோடு அமுக்கிக்கொண்டாள். அமுக்கிக்கொண்டு, அத்தனை தலைகளுக்கு மேலாகப் பந்தல் வாசலைப் பார்த்தாள். கலைச்செல்வனைப் பார்த்தாள்.

அப்போது கலைச்செல்வனின் இரண்டு கைகளும், தினமும் கடையில் பொங்கல் சாப்பிடுகிற ஒரு பெரியவரின் கைகளுக்குள் இருந்தன. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் கையை நீட்டக் காத்திருந்தார்கள். நாற்காலிகளில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவன் கடையில் சாப்பிடுகிறவர்கள்தான். அவளுக்கு டிபி என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மேளம் நிற்கும். இளமதி குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுவாள். காலையிலிருந்து அம்சாவைத் தொட்ட ஒவ்வொருத்தியும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுவாள். அம்சா நடுப் பந்தலில் தனியாக நிற்பாள், அவளோடு அந்தப் பிணம் மட்டும் இருக்கும். அதையெல்லாம் அவன் நினைத்தான். குழந்தையையும் நினைத்தான், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரே ஒரு நிமிஷம், வெளிக்காற்றுத்தானே, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தலையை ஆட்டினான். மெதுவாக, கண்ணை மூடித் திறந்து, போ என்கிற மாதிரி.

அம்சா மாஸ்க்கைக் கழற்றினாள். இளமதி பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடுவில் குழந்தை.

"தல வாரி வுட்ட கையி தள்ளி நிக்கலாமா, பூ வச்ச அண்ணியே என்னப் பொறத்தியாளா ஆக்கலாமா" என்று இளமதி சொல்லிச் சொல்லி அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும் உடைந்துபோனார்கள். கோவிந்தம்மாள்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு இருவரையும் சேர்த்துப் பிடித்து உட்கார வைத்தாள். அம்சா மட்டும் வாய் திறக்கவில்லை. உதட்டைப் பல்லால் கடித்து, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சத்தமே இல்லை. அவள் கழுத்து நரம்பு புடைப்பதைக் கலைச்செல்வன் வாசலிலிருந்தே பார்த்தான். எவ்வளவு நேரம் ஒரு மனுஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழ முடியும்? அழுகையையாவது அடக்கலாம். இருமலை அடக்க முடியாது. அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வாயைப் பொத்தக் கையை எடுக்கப் பார்த்தாள், கை இளமதியின் முதுகுக்கும் கோவிந்தம்மாளின் பிடிக்கும் நடுவில் மாட்டியிருந்தது. மறுபடி மறுபடி இருமினாள். குழந்தை அந்தச் சத்தத்தில் அழுகையை நிறுத்திவிட்டு, அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்தது.

கலைச்செல்வனிடம் அடுத்தவர் கையை நீட்டினார். தொட்டுக்கொடுத்தான்.

சாயங்காலம் பெரியவரை எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு ஊர் பேசிய பேச்சில் ஒன்றுதான் குறை. 'மகளும் மருமவளும் சேந்துட்டாங்க, நல்லதுதான். ஆனா அந்த அம்சா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லி அழுவலியே, கல்லு மாதிரி குந்திக்கினு இருந்தாளே.' அந்தப் பேச்சு அம்சாவின் காதுக்கும் வந்தது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு நிமிஷக் கதையாகப் போயிருக்கும். இளமதி ஊருக்குத் திரும்பவில்லை. பால் தெளிக்கும்வரை இருக்கப் போவதாகச் சொன்னாள், அப்புறம் கருமாதிவரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். கணவனை அனுப்பிவிட்டு, பழைய நாள் மாதிரி அண்ணியின் பின்னாலேயே சுற்றினாள். அம்சா மறுபடி மாஸ்க்கை எடுத்துப் போட்டபோது, "அதக் கயட்டு அண்ணி, ஒன் மொகத்த நான் பாக்க வேணாமா?" என்று தானே இழுத்துக் கழற்றிப் பரண் மேல் போட்டாள். அம்சா இடுப்பு வலி என்று சொல்லி வெளியே களத்தில் படுத்தால், குழந்தையோடு அங்கேயே பாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்குக் கொசு கடிக்கிறது என்று அண்ணியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது. பாசத்தை எதிர்த்து என்ன செய்வது? திட்டினால் திருப்பித் திட்டலாம், அடித்தால் தடுக்கலாம். மடியில் குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறவளை என்ன சொல்லி எழுப்புவது?

"சொல்லுய்யா அவகிட்ட," என்று அம்சா அவனைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம் சொன்னாள். "நானே சொல்லிடட்டுமா?"

"கருமாதி ஆவட்டும். சொந்தக்காரங்க எல்லாம் கீறாங்க. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

"அருள்தாஸு கொயந்தைக்கு முன்கூட்டியே மருந்து கீதுன்னு சொன்னாரு."

"கருமாதி ஆவட்டும்னு சொல்றேன்ல."

ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு இருமலுக்கு மட்டும் பதில் சொல்லியிருப்பான். இப்போது இத்தனை நாள் சேர்ந்து படுத்ததற்கும், மடியில் வைத்து ஊட்டியதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். கருமாதி அன்று, "நைனா செத்தும் நம்பள ஒண்ணா சேத்து வுட்டுட்டாரு பாருண்ணா" என்று அவன் தோளில் சாய்ந்து இளமதி சொன்னாள். அன்றைக்கும் அவன் சொல்லவில்லை. வேன் ஏற்றி அனுப்பிவிட்டு, ஒன்றும் ஆகாது என்று மறுபடியும் சொல்லிக்கொண்டான். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், பார்க்கலாம், போகப் போகச் சொல்லிக்கொள்ளலாம்.

அம்சா தேறினாள். காய்ச்சல் நின்றது, பசித்தது, முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மறுபடி சோதித்த சளியில் கிருமி இல்லை என்று அருள்தாஸ் ஏரி மதகில் வைத்துச் சொன்ன அன்றைக்குத்தான் இளமதி போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றாள். பல் முளைக்கிற காய்ச்சல் என்று மாமியார் சொன்னாளாம். டாக்டர் டானிக் கொடுத்தாராம். மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டதாம். எடை ஏறவில்லையாம், பால் குடிக்க மாட்டேன் என்கிறதாம், இருமிக்கொண்டே இருக்கிறதாம். "அண்ணிக்கிட்ட சொல்லு, அதுக்கு எதுனா கைவைத்தியம் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அம்சா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"நீ போறியா, நான் போவட்டுமா?"

"நான் போறேன்."

"இப்பவே போ."

போனான். மானாம்பதி வரைக்கும் இரண்டு பக்கமும் வயலில் நாற்று விட்டிருந்தார்கள். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனதில் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. வீட்டில் இளமதி மட்டும்தான் இருந்தாள். வாசலில் குழந்தையை மடியில் போட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை இப்போது உட்காரவே சிணுங்கியது. கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"வாண்ணா. அண்ணி வர்லியா?"

"இளமதி," என்றான். நின்றபடியே சொன்னான். "அம்சாவுக்கு டிபி."

அவள் கை நின்றது. "எப்பேர்ந்து?"

"நைனா போறதுக்கு மின்னாடியே. கொயந்தைங்கள சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப அவளுக்குச் சரியாப் பூடுச்சு. பாப்பாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவணும். அங்க ஒருத்தர் கீறாரு, சொல்லி வச்சிருக்கேன்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்றிருந்தது. அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். குழந்தைக்குச் சட்டை மாட்டினாள். ஒரு கையை மாட்டிவிட்டு, இன்னொரு கையைத் தேடிக்கொண்டே பேசினாள்.

"அந்த மாஸ்க்கு அதுக்குத்தானா."

"ஆமா."

"அதான் அண்ணி வாயத் தொறக்காம அழுதுச்சு. ஊரே பேசுச்சு. நானும் பேசினேன்."

இன்னொரு கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்தாள்.

"அண்ணி பின்னால போச்சு. கோவிந்தம்மா அத்த மாஸ்க்கப் புடிச்சு இயுத்துச்சு. அப்ப அண்ணி ஒன்னத்தான் பாத்துச்சு. நீ தலைய ஆட்டின." இளமதி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "நான் பாத்தேண்ணா. அழுதுக்கினுதான் இருந்தேன், ஆனா பாத்தேன். எங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லாம, ஒரு தலையாட்டுல எங்களச் சேத்து வுட்டுச்சுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு கீறேன்."

குழந்தை இருமியது. சின்ன இருமல். உடம்பே குலுங்கியது.

"தெரிஞ்சுதான் ஆட்டினியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். தலை மட்டும் ஆடியது, அன்றைக்கு ஆடின மாதிரியே, மெதுவாக.

இளமதி எழுந்தாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். அம்சா கொடுத்தனுப்பி அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மாஸ்க் பாக்கெட்டை அவளே எடுத்து, ஒன்றைப் பிரித்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றைக் குழந்தையின் முகத்தருகே வைத்துப் பார்த்தாள். அது குழந்தையின் நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் மூடியது. மடித்து அவன் பையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நடுவில் குழந்தை. முன்பெல்லாம் ஏறினால் அண்ணன் தோளைப் பிடித்துக்கொள்வாள். இப்போது பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் குழந்தை அவன் முதுகில் முகத்தை வைத்து இருமியது. அந்த மூச்சு சட்டையைத் தாண்டிச் சூடாக அவன் முதுகில் பட்டது. வேகமாகவும் போக முடியவில்லை, மெதுவாகவும் போக முடியவில்லை.